ஒன்றரை முழத் திரி

அந்த வருஷம் பங்குனி பிறந்தபோதே சேந்தமங்கலத்துக்கு மேற்கே கிணறுகள் எல்லாம் அடிப்பாறையைக் காட்டிவிட்டன. கொல்லிமலை மேல் மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்ததே தவிர, கீழே ஒரு தூறல் இல்லை. மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டுகிறவர்கள் விடிகாலையில் பத்துச் சால் இறைத்துவிட்டு மாட்டை அவிழ்த்துக் கட்டினார்கள். அடுத்த பத்துச் சாலுக்கு ஊற்று சுரக்கப் பொழுது சாய வேண்டும். இந்த மாதிரிக் கோடையில்தான் கிணற்றை ஆழப்படுத்துவார்கள். ஊரெல்லாம் வெசனப்படுகிற காலம், காத்தானுக்கு மட்டும் மூச்சு விட நேரமில்லாத காலம்.

காத்தான் வெடி வைக்கிறவன். மேட்டூரில் அணை கட்டினபோது நாலு வருஷம் அங்கே பாறை உடைத்தான். குழிக்குள் வெடிமருந்தைக் கிட்டித்து இறுக்கவும் திரி வெட்டவும் அங்கேதான் படித்தான். சாயங்காலப் பள்ளிக்கூடம் ஒன்றில் எழுத்துக் கூட்டவும் அங்கேதான் படித்தான். ஊர் திரும்பிய மறு வருஷம் கல்லுப்பாளையம் கிழக்குத் தெருவில் இருபத்திரண்டு வீடும் வேதத்துக்கு வந்தபோது அவனும் ஞானஸ்நானம் வாங்கினான். யோசுவா என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் சேலத்து மிஷனிலிருந்து வருகிற பாதிரியார் சாலமோன் ஐயர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அவன் காத்தான்.

அன்றைக்கு ஐயர் கிணற்று மேட்டில் வந்து நின்றபோது காத்தான் அறுபதடிக்குக் கீழே உளியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கூட்டாளி பெரியசாமி சம்மட்டி போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் உளியை ஒரு சுற்றுத் திருப்ப வேண்டும். கண் உளியிலும் காது சம்மட்டியிலும் இருக்க வேண்டும்.

"யோசுவா! மேலே வா. உன்னோடு பேசணும்."

"ஐயருங்க மச்சான்" என்றான் பெரியசாமி, சம்மட்டியை இறக்கி வைத்து. "ராசிபுரத்துலருந்து சைக்கிள்லயே வந்திருப்பாராட்ட இருக்குது. போங்க, நான் குழிய வழிச்சுப்போட்டு வாரேன்."

காத்தான் படிக்கல் ஒவ்வொன்றாக ஏறி மேலே வந்தான். அவன் மனைவி சுப்பம்மாள் கம்பங்கூழ்ப் பானையோடு பனைமர நிழலில் நின்றிருந்தாள். ஐயர் ஏற்கெனவே ஒரு சட்டி வாங்கிக் குடித்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கறுப்புக் கோட்டு செம்மண் ஏறிப் பழுப்பாகியிருந்தது.

கல்லுப்பாளையத்தில் தை மாசத்திலிருந்து உபதேசியார் கிடையாது. எபனேசர் உபதேசியாருக்கு மார்ச்சளி முற்றி, தெற்கே தன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். வேறு ஆள் அனுப்ப மிஷனில் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்கள் கோயிலில் கூடுவார்கள். ஆளுக்கொரு பாட்டுப் பாடி, பரமண்டல ஜெபம் சொல்லிவிட்டுக் கலைவார்கள். இப்படி எட்டு வாரம் ஓடிவிட்டது.

"தெருவார் எல்லாரும் கூடி ஒரே பேரைத்தான் சொல்றாங்க, யோசுவா."

"ஆருங்கையா அது?"

"தெரியாதவன் மாதிரி கேட்காதே."

காத்தான் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். கல் தூள் பறந்தது. "எனக்கு எழுத்துக் கூட்டித்தானுங்க படிக்கத் தெரியும். ஒரு பக்கம் தாண்டறதுக்குள்ள எச்சல் வத்திப்போயிருமுங்க."

"கூட்டிப் படிக்கிறவன் ஒரு எழுத்தையும் விடமாட்டான். நான் வேகமாகப் படித்து எத்தனையோ விட்டிருக்கிறேன்."

"எனக்குக் கோவம் வருமுங்க. போன மாசம் சந்தையில ஒருத்தனெ அறைஞ்சுபோட்டனுங்க."

"யாரை?"

"எடையில ஏமாத்துனவனெங்க."

ஐயர் வெங்காயத்தை மென்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "இனிமேல் அறையாதே" என்றார். "தொழிலை விடு என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஆறு நாள் கிணறு வெட்டு. ஏழாம் நாள் வாசி, ஜெபி. நடுவில் யாருக்காவது காய்ச்சல், சண்டை, சாவு என்றால் போய் நில். அவ்வளவுதான் உபதேசியார் வேலை. வேறே ஏதாவது தடை உண்டா?"

காத்தான் கிணற்றைப் பார்த்தான். உள்ளே பெரியசாமி குழியிலிருந்து கல் மாவை வழித்தெடுக்கிற ஓசை கேட்டது. சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லீங்க" என்றான்.

"அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் கேட்பேன். அதுவரை சேந்தமங்கலத்தில்தான் இருக்கிறேன்."

ஐயர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரப்பில் போனார். சுப்பம்மாள் அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமிதத்தைக் காத்தானால் பார்க்க முடியவில்லை. கூழைக் குடிக்காமலே மறுபடி கிணற்றுக்குள் இறங்கினான்.

பொழுதோடு வீடு வந்தான். சுப்பம்மாள் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கால் இரண்டாலும் பானையை அணைத்துக்கொண்டு துடுப்பைச் சுழற்றிய சுழற்றலிலேயே அவள் மகிழ்ச்சி தெரிந்தது. பக்கத்தில் கொள்ளுப் பருப்பு கடைந்து வைத்திருந்தாள். வழக்கத்துக்கு மேலாகப் பூண்டு தட்டிப் போட்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்த வெள்ளை வேட்டிய நாளைக்குத் தொவைச்சுப் போடறனுங்க. கஞ்சி போட்டாத்தான் நிக்கும்."

"வேண்டாம் புள்ள. நான் குமாரபாளையத்துக்குப் போலாமுனு இருக்கறேன். அங்க ஆத்தோரமா ஒரு கல்லுக்குழியில வேலை இருக்குதாம். அங்கயே குடி போயர்லாம்."

துடுப்பு நின்றது. "ஐயருக்குப் பயந்துக்கிட்டுக் குடி கெளம்புன மனுசனெ இப்பத்தானுங்க பாக்கறேன்."

"வெளையாடாதே."

"நான் வெளையாடலீங்க. என்ன தடைன்னு ஐயரு கேட்டப்போ கெணத்தப் பாத்தீங்க. நான் உங்களப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். கெணத்துக்குள்ள என்ன இருக்குது?"

களி ஆறிக்கொண்டிருந்தது. காத்தான் சுவரோரம் குந்தினான். பேச ஆரம்பித்தபோது சம்மட்டிக்காரன் மூச்சு வாங்குவது போல இடைவெளி விட்டு விட்டுப் பேசினான்.

மூன்று வருஷத்துக்கு முந்தி சென்னிமலைக் கவுண்டர் கிணற்றில் வேலை. அப்போது அவன் கூட்டாளி வேலுசாமி, பெரியசாமியின் தம்பி. அன்றைக்கு நாலு குழி போட்டு மருந்து கிட்டித்தாயிற்று. திரி போதவில்லை. ஒரு திரி மூன்று முழமாவது இருந்தால்தான் நெருப்பு வைத்தவன் நிதானமாக மேலே ஏறலாம். மூன்று குழிக்குச் சரியாக வெட்டின பிறகு கையில் ஒன்றரை முழம் மிஞ்சியது. சேந்தமங்கலம் போய் வாங்கி வர அரை நாள் ஆகும். அதைக் கடைசியில் பற்ற வைத்துவிட்டு ஓடி ஏறினால் தப்பிக்கலாம். காத்தான் அப்படி முன்பும் செய்திருக்கிறான். அதையே நாலாவது குழிக்கு வைத்தான். அப்போதெல்லாம் நெருப்பு வைக்க அவன்தான் இறங்குவான். அன்றைக்குக் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்திருந்தது.

"'நீங்க இருங்க மச்சான், நான் வெச்சுட்டு வாரேன்'னு தீப்பெட்டிய வாங்கிக்கிட்டான். எறங்குனான். வடக்கோரத்துத் திரி குட்டை, அதெக் கடைசியா வையின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும். அவனுக்கே கண்ணுல படுமுன்னு நெனைச்சேன். அப்பத்தான் கவுண்டரு வந்து என்னமோ கேட்டாரு. பதில் சொல்லிக்கிட்டு நின்னுட்டேன். அவன் வடக்கோரத்துலதான் மொதல்ல வெச்சான். மூணாவதுக்குக் குனிஞ்சிருக்கறான்."

சுப்பம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"கல்லு தெறிச்சுச் செத்தான்னு ஊரே சொல்லுச்சு. நானும் ஆமான்னேன். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரத்துல வாயத் தொறக்காதவன் நான். நான் போயி வேதம் சொல்றதா? காட்டுல ஒரு குருவி கூட நம்பாது."

அவன் ஏன் நாலு முழத்துக்குக் குறையாமல் திரி வெட்டுகிறான், கவுண்டர்மார் வீண் செலவு என்று முணுமுணுத்தும் ஏன் கேட்பதில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. வேலுசாமியின் மனைவி ராசம்மாள் வீட்டுக்குக் கம்பும் வரகும் அவள் கையில் கொடுத்தனுப்புவானே ஒழிய, மூன்று வருஷமாக அந்த வாசலை அவன் மிதிக்காததும் விளங்கியது.

"இதெ ஐயருகிட்டச் சொல்றதுக்கு முன்னால ராசம்மாகிட்டச் சொல்லோணுமுங்க" என்றாள் கடைசியில்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

"இருக்கற மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான். குமாரபாளையம் போனா வேற மூஞ்சியா கெடைக்கும்?" அவள் களியை உருட்டித் தட்டில் வைத்தாள். "தின்னுங்க. பட்டினியாப் போயி நின்னீங்கன்னாப் பேச்சு வராது."

சனிக்கிழமை மத்தியானம் அவன் போனான். ராசம்மாள் அதே கவுண்டர் தோட்டத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓடு நீக்கிய பழத்தைப் பலகைக் கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. கொட்டை தெறிக்கும். சதையைக் கூடையில் போடுவாள். மற்ற பெண்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். இவள் மட்டும் கை நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்ணா" என்றாள், ஆச்சரியத்தோடு. "அக்காளுக்கு ஏதாச்சும் ஒடம்புக்கு..?"

"நல்லாத்தான் இருக்கறா. நான் ஒண்ணு சொல்லோணும் ராசம்மா."

நின்றபடியே சொன்னான். சுப்பம்மாளிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக வந்தது. முதல் வாக்கியத்திலேயே சுத்தி நின்றுவிட்டது. முடிக்கிற வரைக்கும் அவள் நிமிரவில்லை. பிசுபிசுத்த விரல்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"திரி எத்தனை மொழமுன்னு அவரு உங்களக் கேட்டாரா?"

"கேக்கலை. நம்பி எறங்குனான்."

"மூணு வருசங்கழிச்சு ஏன் இப்ப வந்து சொல்றீங்க? கோயில்ல பெரிய எடம் வரப்போகுதுன்னு, கையக் களுவிக்கலாமுன்னு வந்தீங்களா?"

"இல்ல ராசம்மா. நாளைக்கு வேண்டாமுனு சொல்லிப்போட்டுக் குமாரபாளையத்துக்குக் குடி போறேன். போறதுக்கு முந்தி உனக்குத் தெரியோணும்."

அவள் சுத்தியை எடுத்தாள். ஒரு பழத்தை வைத்துத் தட்டினாள். பழம் கொட்டையோடு கூழாக நசுங்கியது.

"போயிருங்க" என்றாள். "அந்தப் பொம்பளைங்க வாரதுக்குள்ள போயிருங்க."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. தென்னங்கீற்றுக் கூரை, மண் சுவர், சாணி மெழுகின தரை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். விசிறியாக ஆளுக்கொரு பனை மட்டைத் துண்டு. காத்தான் வழக்கம்போல வாசலை ஒட்டி உட்கார்ந்தான். சுப்பம்மாள் கேட்காமலே வேட்டிக்குக் கஞ்சி போட்டிருந்தாள். அது உட்காரும்போது மொடமொடவென்று சத்தம் போட்டு அவன் மானத்தை வாங்கியது.

பாட்டு முடிந்தது. ஐயர் எழுந்து, சபைக்கு உபதேசியாராக யோசுவா என்கிற காத்தானை எல்லோரும் மனசார ஏற்றுக்கொள்கிறீர்களா, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டார்.

"எனக்குத் தடை இருக்குதுங்க" என்று காத்தான் எழுந்து நின்றான்.

சிரிப்பு எழுந்தது. அடக்கத்துக்குச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். அவன் சொல்லச் சொல்ல அது அடங்கியது. முழம், திரி, முள், தீப்பெட்டி, கவுண்டர் கேட்ட கேள்வி, சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை. மூன்றாவது தடவையாகச் சொல்கிறான். பனை மட்டைகள் எல்லாம் மடியில் கிடந்தன.

பெரியசாமி எழுந்தான். மூன்று வருஷமாக, தம்பி இறங்கின இடத்தில் இறங்கி, காத்தான் வெட்டின திரிக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருக்கிறவன். அவன் காத்தானைக் கடந்து போகும்போது இருவர் தோளும் இடித்துக்கொண்டன. நிலையில் குனியாமல் போய்த் தலையில் இடித்துக்கொண்டதையும் அவன் உணர்ந்ததாகத் தெரியவில்லை. வெளியே போய்விட்டான்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "இது... நான் மிஷனுக்கு எழுதிக் கேட்க வேண்டிய விஷயம். இப்போதைக்கு நாம் வேறே ஒருவரை..."

"ஐயருங்களே, நான் ஒண்ணு பேசலாமுங்களா?"

பெண்கள் பக்கம் ராசம்மாள் நின்றிருந்தாள். அந்தக் கோயிலில் பாட்டைத் தவிர வேறொன்றுக்குப் பெண்பிள்ளை வாய் திறந்ததில்லை. ஐயர் தலையசைத்தார்.

"நேத்தே எங்கிட்ட வந்து சொல்லிப்போட்டாருங்க. நேத்துலருந்து எனக்குத் தண்ணி கூட எறங்கலை. மண்ண வாரித் தூத்தலாமான்னு இருந்துச்சு. இன்னும் மனசு ஆறலைங்க. கோயில்ல நின்னுக்கிட்டுப் பொய் சொல்லமாட்டேன்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"இப்ப இவரு என்ன சொல்றாரு? எனக்குத் தகுதி இல்லே, குமாரபாளையத்துக்குக் குடி போறேங்கறாரு. போனா ஆருக்கு நல்லதுங்க? இவருக்குத்தான் நல்லது. அங்க இவர ஆருக்குந் தெரியாது. நான் இங்கயே அந்தக் கெணத்தப் பாத்துக்கிட்டுப் புளி தட்டோணும். இவரு ஓடிப்போறதுக்கு என்ற புருசன் சாவு ஒரு சாக்கா? அதுக்கு நான் ஒத்துக்கமாட்டேன்."

"ராசம்மா" என்றார் ஐயர்.

"இருங்க சாமி, முடிச்சர்றேன். அவரு செத்தன்னைக்கு எபனேசர் உபதேசியாரு வந்தாரு. நல்ல மனுசன். சங்கீதம் வாசிச்சாரு. ஒரு எழுத்து என்ற காதுல ஏறலீங்க. நான் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன், காத்தானண்ணன் வருவாரு வருவாருன்னு. கூட இருந்தவரு, கடைசியா என்ன பேசுனாருன்னு சொல்லுவாருன்னு. இவரு வரல்லீங்க. மூணு வருசமா வரல்லே. கம்பு வந்துச்சு, வரகு வந்துச்சு. இவரு வரலே. எனக்கு அதுதான் பெருசு. திரி கூட இல்லீங்க."

காத்தான் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். திரியைவிடத் தான் வராததுதான் அவளுக்குப் பெரிய குறையாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

"அதனால இவரு இங்கயே இருக்கோணும். இந்தத் தெருவுல எந்த ஊட்டுல சாவு உழுந்தாலும் மொத ஆளா வந்து நிக்கோணும். பயந்துக்கிட்டாவது வந்து நிக்கோணும். எனக்குச் செய்யாததெ அவியளுக்குச் செய்யட்டும். அவ்வளவுதானுங்க." சட்டென்று உட்கார்ந்து முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். சுப்பம்மாள் நகர்ந்து போய் அவள் முதுகில் கை வைத்தாள். அந்தக் கையை ராசம்மாள் தள்ளவில்லை.

ஐயர் சபையைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒருவர், "ராசம்மாளே சொல்லிப்போட்டா. நாங்க என்னத்தங்க சொல்றது?" என்றார்.

"மிஷனுக்கு நான் எழுதிக்கொள்கிறேன். இதையும் சேர்த்து எழுதுகிறேன்" என்றார் ஐயர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "யோசுவா, முன்னால் வா."

காத்தான் முன்னால் போகவில்லை. "செத்த நேரம் இருங்கையா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

வேம்பு பூத்து உதிர்ந்திருந்தது. அதன் தூரில் பெரியசாமி குந்தியிருந்தான். காத்தான் எதிரே போய்க் குந்தினான். வெயில் அவன் முதுகில் அடித்தது. மரத்து நிழல் பெரியசாமியோடு முடிந்திருந்தது.

"தெனமும் எங்கூடக் கெணத்துல எறங்குனீங்க மச்சான்" என்றான் பெரியசாமி. "ஒரே சட்டியில கூழ் குடிச்சோம். எங்கிட்டக் கூடச் சொல்ல வாய் வரலையா?"

"பயம் மாப்ளே."

"என்ன பயம்? வெட்டிப்போடுவேன்னா?"

"நீ எங்கூட எறங்கமாட்டேன்னு சொல்லிப்போடுவியேன்னு."

பெரியசாமி கண்ணைத் துடைத்தான். துடைத்த கையாலேயே மண்ணில் இருந்த பூவை ஒதுக்கினான். அவன் நெற்றி நிலையில் இடித்த இடத்தில் வீங்கிக்கொண்டிருந்தது. காத்தான் எழுந்து போய்விடவில்லை. உள்ளே சனங்கள் காத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எறங்குவேன்" என்றான் பெரியசாமி வெகுநேரம் கழித்து. "பாதியில உட்ட கெணறு. ஆனாத் திரிய இனிமே நாந்தான் வெட்டுவேன்."

"நீயே வெட்டு."

"அவன் என்ன பேசுனான் கடைசியா?"

"தீப்பெட்டி வாங்கறப்ப, 'பொழுதோட ஊட்டுக்கு வாங்க மச்சான், ராசம்மா கோழிக் கொழம்பு வெச்சிருக்கறா'ன்னு சொன்னான்."

பெரியசாமி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். காத்தான் அவன் தோளில் கை வைத்தான். கை அங்கேயே இருந்தது.

"உள்ள வா மாப்ளே."

"இன்னைக்கு வரலை. என்னால அங்க ஒக்கார முடியாது. நீங்க போங்க, ஐயரு காத்துக்கிட்டிருக்கறாரு." பெரியசாமி முகத்தை நிமிர்த்தாமலே சொன்னான். "சத்தமாப் பேசுங்க. எனக்கு இங்க கேக்கோணும்."

காத்தான் உள்ளே வந்தான். ராசம்மாளைப் பார்த்து, "வேலு கடைசியா என்ன சொன்னான்னு சாயந்தரம் உன்ற ஊட்டுக்கு வந்து சொல்றேன் ராசம்மா" என்றான். முந்தானைக்குள்ளிருந்து தலை அசைந்தது. ஐயர் வேதத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டிக் கையில் கொடுத்தார். எழுத்துகள் சின்னதாக இருந்தன. அவன் சபைக்கு நேராக நிற்காமல், ஒரு ஓரமாகத் திரும்பி வாசலுக்கு நேராக நின்றான். கஞ்சி வேட்டி மொடமொடத்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முதல் வார்த்தையை எழுத்துக் கூட்டி உரக்கச் சொன்னான். பிறகு நிறுத்தி, வாசலைப் பார்த்து, "மாப்ளே, கேக்குதா?" என்றான்.

"கேக்குது" என்று வேப்பமரத்தடியிலிருந்து குரல் வந்தது. "வாசிங்க."